செத்துக் கிடக்கும் களஞ்சியமும் நாக் குழு வரும் தேதியும்

தெற்குமாசி (இழையைத் தொடங்கியவர்):

மதுரைக்கு மேற்கே ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அடுத்த கல்வியாண்டில், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது. முதல்வர் அழைத்து, "நமக்கு ஒரு டிஜிட்டல் களஞ்சியம் இருந்ததே அம்மா, அது என்ன ஆயிற்று?" என்று கேட்டார். செத்துவிட்டது என்பதை நாசூக்காகச் சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு முன்பு இருந்தவர் காலத்தில் ஒப்பந்த ஊழியர் ஒருவர் டிஸ்பேஸ் என்ற களஞ்சிய மென்பொருளை நிறுவிக் கொடுத்திருக்கிறார். இணைய முகவரிக்கும் சர்வர் வாடகைக்கும் பணம் அவருடைய சொந்த வங்கி அட்டையிலிருந்து போயிருக்கிறது. அவர் வேறு வேலைக்குப் போனார். அடுத்த புதுப்பிப்புத் தேதி வந்தது, யாரும் பணம் கட்டவில்லை, தளம் மறைந்துவிட்டது. அலுவலகக் கோப்பில் இதைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

மிஞ்சியது ஒரு ஹார்டு டிஸ்க். அதில் 'அசெட்ஸ்டோர்' என்று ஓர் அடைவு. திறந்தால் இரண்டிரண்டு இலக்கங்களில் பெயர் வைத்த உள்ளடைவுகள், அவற்றுக்குள் இன்னும் உள்ளடைவுகள், கடைசியில் ஒரு முழ நீள எண்களையே பெயராகக் கொண்ட கோப்புகள். எது ஆய்வேடு, எது கட்டுரை என்று தெரியவில்லை. பின்னொட்டுகூட இல்லை.

நாட்டின் ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் ஷோத்கங்கா தளம் இருக்கும்போது கல்லூரிக்குத் தனிக் களஞ்சியம் தேவைதானா? தேவை என்றால் எங்கிருந்து தொடங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வைகைவடகரை:

மேடம், நான் நூலகத் துறை இல்லை, இயற்பியல் கற்பிக்கிறேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், வேண்டாம். பிஎச்.டி. ஆய்வேடுகள் பல்கலைக்கழகம் வழியாக ஷோத்கங்காவுக்குப் போய்விடுகின்றன. ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கிவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். என் கட்டுரைகளை, ஆய்வாளர்கள் பகிர்ந்துகொள்ளும் ரிசர்ச்கேட் தளத்தில் நானே போட்டுவிடுகிறேன். இத்தனைக்கும் நடுவில் கல்லூரியின் மூலையில் ஒரு சர்வரை உட்கார வைத்து, அதற்கு ஏசி போட்டு, யுபிஎஸ் போட்டு, ஆள் தேடி... எதற்கு? நாக் குழு போன மறுவாரம் அதை யாரும் திறக்கப்போவதில்லை.

புதுநத்தம்சாலை:

தேவையா இல்லையா என்பதைப் பெரியவர்கள் பேசட்டும். மேடம், முதலில் அந்த ஹார்டு டிஸ்கை அழித்துவிடாதீர்கள். ஒரு பொறியியல் கல்லூரியில் டிஸ்பேஸ் பராமரிக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

டிஸ்பேஸ் எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் வைக்கும். கோப்புகள் அசெட்ஸ்டோரில். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, கோப்பின் உண்மைப் பெயர் ஆகியவை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில். இரண்டையும் சேர்த்து நகல் எடுத்தால்தான் அது காப்பு நகல். உங்களுக்கு முன்பு இருந்தவர்கள் கோப்புகளை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்கள். தரவுத்தளத்தின் 'டம்ப்' (மொத்த நகல்) கோப்பு வேறு எங்காவது, அந்த ஒப்பந்த ஊழியரின் பழைய மின்னஞ்சலிலாவது, இருக்கிறதா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். மனக்கசப்போடு போயிருந்தாலும் கேளுங்கள்.

கிடைக்கவில்லை என்றாலும் கதை முடியவில்லை. கோப்பின் பெயர்தான் போயிற்று, உள்ளடக்கம் அப்படியே இருக்கிறது. உபுண்டு போட்ட கணினியில் 'ஃபைல்' என்ற கட்டளை ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியையும் படித்து இது பிடிஎஃப், இது படம், இது வெற்று உரை என்று பிரித்துச் சொல்லிவிடும். பிடிஎஃப் என்று வருவதை மட்டும் தனியே எடுத்துப் பின்னொட்டுச் சேர்த்தால் திறக்கும். மற்றவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சமர்ப்பிக்கும்போது ஒப்புக்கொண்ட உரிமக் குறிப்பு, முதல் பக்கத்தின் சிறு படம், தேடலுக்காக மென்பொருளே பிரித்தெடுத்த உரை ஆகியவையும் அதே கிடங்கில்தான் கிடக்கும். ஒரு ஆய்வேட்டுக்கு நாலைந்து கோப்புகள் இருப்பது அதனால்தான்.

பிறகு ஒரு மாணவரை உட்கார வைத்து முதல் பக்கத்தைப் பார்த்து அட்டவணையில் தட்டச்சு செய்யச் சொல்ல வேண்டியதுதான். சலிப்பான வேலை, வேறு வழியில்லை.

நாகமலை:

பல்கலைக்கழக நூலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். இயற்பியல் ஐயாவுக்கு முதலில் ஒரு பதில். ஒரே நாடு ஒரே சந்தா என்பது பிறர் எழுதியதை நாம் காசு கொடுத்துப் படிப்பதற்கான ஏற்பாடு. நாம் எழுதியதை நாம் காப்பாற்றி வைப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சந்தா நின்றால் வாசிப்பும் நிற்கும். ரிசர்ச்கேட் ஒரு தனியார் நிறுவனம். 2017-இல் பதிப்பகங்கள் போர்க்கொடி தூக்கியபோது ஏராளமான கட்டுரைகள் அங்கே பொதுப் பார்வையிலிருந்து எடுக்கப்பட்டன. நாளை அவர்கள் கடையைக் கட்டினால் உங்கள் கட்டுரைக்கு யார் பொறுப்பு?

தேவையா என்ற கேள்விக்கு விதியே இடம் வைக்கவில்லை. கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இல் ஒரு விதிமுறை கொண்டுவந்தது அல்லவா? 10 சதவீதம், 40 சதவீதம், 60 சதவீதம் என்று ஒற்றுமை அளவுகளை மட்டும் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அதே விதிமுறையில் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் தன் இணையதளத்தில் நிறுவனக் களஞ்சியம் உருவாக்க வேண்டும், அதில் ஆய்வேடுகள், கட்டுரைகள், உள்வெளியீடுகள் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. அந்தப் பத்தியை முதல்வரிடம் காட்டுங்கள்.

ஆனால் விதிக்காகத் தொடங்கியவைதான் முதலில் சாகின்றன. நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றின் களஞ்சியங்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது? பழைய வினாத்தாள், நாளிதழ் நறுக்கு, விளையாட்டு விழாப் படம், முதல்வர் கொடியேற்றும் படம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2002-இல் ஈபிரிண்ட்ஸ் மென்பொருளில் தன் ஆய்வுக் கட்டுரைகளுக்குக் களஞ்சியம் தொடங்கியது. நாட்டிலேயே முதலாவது அதுதான் என்பார்கள். அதே ஆண்டில்தான் எம்ஐடி நூலகமும் எச்பி நிறுவனமும் சேர்ந்து டிஸ்பேஸை வெளியிட்டன. கருவி அன்றிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதற்குள் எதைப் போடுவது என்பதைத்தான் நாம் இன்னும் யோசிக்கவில்லை.

திருநகர்:

வினாத்தாளைப் பழிக்காதீர்கள் ஐயா. எங்கள் களஞ்சியத்தில் ஆண்டு முழுவதும் மாணவர்கள் தேடி வருவது அதற்குத்தான். நவம்பரிலும் ஏப்ரலிலும் தளம் திணறுகிறது. பயன்பாட்டு எண்ணிக்கையைக் காட்டித்தான் நிர்வாகத்திடம் புதிய சர்வர் வாங்கினேன். மாணவர் கேட்பதைக் கொடுப்பது குற்றமா?

நாகமலை:

குற்றம் இல்லை அம்மா. கல்லூரி இணையதளத்தில் ஒரு பக்கம் போட்டு அங்கே வையுங்கள். களஞ்சியத்தில் வைத்தால் கூகுளும் தேசிய டிஜிட்டல் நூலகமும் வந்து பதிவுகளை அறுவடை செய்யும்போது (தானாகத் திரட்டிக்கொள்ளும்போது) உங்கள் கல்லூரியின் ஆராய்ச்சி என்று 'அல்லைடு கணிதம், நவம்பர் தேர்வு' போய்ச் சேரும்.

திருநகர்:

தனித் தொகுப்பாகப் பிரித்து, அதை மட்டும் அறுவடைக்கு வெளியே நிறுத்திவிட முடியும். அப்படித்தான் செய்திருக்கிறேன். இதில் நாம் ஒத்துப்போக வேண்டிய அவசியமும் இல்லை.

அழகர்மலை:

தமிழ்த் துறையிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் பிஎச்.டி.யைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதற்கு முந்தைய ஆய்வுப் பட்டமான எம்.ஃபில்.லுக்கு எழுதிய ஏடுகளை யார் நினைக்கிறீர்கள்?

எங்கள் துறையின் பின்னறையில் இரண்டு பீரோ நிறைய இருக்கின்றன. நீலமும் மெரூனுமாக ரெக்சின் அட்டை, முதுகில் தங்க எழுத்து பாதி உதிர்ந்தது. உசிலம்பட்டி வட்டாரத் தாலாட்டு, மேலூர்ப் பக்கத்து அய்யனார் கோயில் புரவியெடுப்பு, சுங்குடிச் சேலைத் தொழிலில் புழங்கும் சொற்கள், அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுவோரின் நேர்த்திக்கடன் வழக்கங்கள், வாடிப்பட்டிப் பக்கம் ஒரே ஒரு ஊரின் வயல் பெயர்கள். நூறு, நூற்றைம்பது பக்கம்தான் வரும். கோட்பாட்டுப் பகுதியைப் படிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். எல்லா ஏட்டிலும் முதல் இயல் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பின்னிணைப்பில் அந்தப் பிள்ளைகள் ஊர் ஊராகப் போய், பாட்டிகள் பாடக் கேட்டு எழுதிய பாடல்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பாடியவர்களில் பலர் இன்று இல்லை.

இவற்றில் இரண்டு மூன்று படிகளே உண்டு. ஒன்று துறையில், ஒன்று நெறியாளர் வீட்டில், ஒன்று மாணவரிடம். நெறியாளர் காலமானால் வீட்டுப் படி பழைய பேப்பர்க் கடைக்குப் போகிறது. 2022 யுஜிசி விதிமுறை எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டது. ஆகவே இனி ஒரு ஏடும் புதிதாக வரப்போவதில்லை. இருப்பது இவ்வளவுதான். ஷோத்கங்காவில் இருப்பவை பெரும்பாலும் பிஎச்.டி. ஆய்வேடுகள். இந்த பீரோவை ஷோத்கங்கா வந்து திறக்காது.

நாகமலை:

பேராசிரியர் சொன்னதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தெற்குமாசி அம்மா, உங்கள் களஞ்சியம் அந்த பீரோவிலிருந்து தொடங்கட்டும். வெளியே எங்கும் கிடைக்காதது எதுவோ அது முதலில் உள்ளே வர வேண்டும். ஆய்விதழ்க் கட்டுரை பதிப்பகத்திடமாவது இருக்கிறது. அது இரண்டாவதாக வரலாம், மூன்றாவதாகவும் வரலாம். எதிலிருந்து தொடங்குகிறோம் என்பதில்தான் வளர்ச்சியும் இருக்கிறது. ஆசிரியர்கள் கட்டுரை தருவார்கள் என்று காத்திருந்த களஞ்சியங்கள் காத்துக்கொண்டே இருக்கின்றன. பீரோ யாருடைய மனநிலைக்காகவும் காத்திருக்காது, சாவி இருந்தால் போதும்.

வைகைவடகரை:

சரி, அந்த பீரோவை ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் களஞ்சியம் தேவை. ஆனால் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் போட்டால் ஆகாதா?

புதுநத்தம்சாலை:

ஆகாது சார். டிரைவ் யாருடைய கணக்கில் இருக்கும்? மேடம் எழுதிய வங்கி அட்டைக் கதையின் இரண்டாம் பாகம் ஆகிவிடும். இன்னொன்று, டிரைவில் போட்ட கோப்புக்கு நிலையான முகவரி கிடையாது. ஒருவர் தன் நூலில் மேற்கோள் காட்டினால் பத்தாண்டு கழித்தும் அந்த இணைப்பு திறக்க வேண்டும். டிஸ்பேஸ் ஒவ்வொரு பதிவுக்கும் 'ஹேண்டில்' எண் கொடுப்பது அதற்காகத்தான்.

இங்கே எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் களஞ்சியத்தில் ஏதாவது ஒரு பதிவின் முகவரியைப் பாருங்கள். ஹேண்டிலுக்குப் பிறகு 123456789 என்று இருந்தால், நீங்கள் உங்கள் கல்லூரிக்கான முன்னொட்டை (ஹேண்டில் எண்ணின் முதல் பகுதியை) இன்னும் பதிவு செய்யவில்லை என்று பொருள். மென்பொருள் நிறுவும்போது மாதிரிக்காக வருகிற எண் அது. நாடு முழுவதும் எத்தனையோ கல்லூரிகள் அதே எண்ணோடு ஓட்டிக்கொண்டிருக்கின்றன. களஞ்சியத்தின் இணைய முகவரி மாறும் நாளில் வெளியே கொடுத்த இணைப்புகள் அனைத்தும் அறுந்துபோகும். ஆண்டுக்கு ஒரு சிறு கட்டணம் கட்டினால் உங்களுக்கென்று முன்னொட்டு கிடைக்கும்.

டிஸ்பேஸின் பதிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம், ஆறாம் பதிப்புகளுக்கான ஆதரவு 2023-லேயே நின்றுவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அவற்றைத் தொட வேண்டாம், பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. 2021-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து அமைப்பே வேறு. முகப்பு தனி, பின்புலம் தனி. நூலகத்தில் ஓரங்கட்டிய பழைய கணினியில் இதை ஓட்ட முயன்றால் மூச்சு வாங்கும். நல்ல நினைவகம் உள்ள இயந்திரமோ வாடகை மேகச் சர்வரோ கல்லூரியின் பெயரில் எடுங்கள். கல்லூரியின் பெயரில், கல்லூரியின் கணக்கில்.

தெற்குமாசி:

பெரிய உதவி. பேராசிரியர் சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் துறைகளில் விசாரித்தேன். தமிழ், வரலாறு, பொருளியல் மூன்றிலும் எம்.ஃபில். ஏடுகள் இருக்கின்றன. சிலவற்றின் பின்னட்டை உறையில் குறுந்தகடு இருந்தது. போட்டுப் பார்த்ததில் சில திறந்தன. வேர்டு கோப்பு, ஆனால் தமிழ் தெரியவில்லை. ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகிறது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

புதுநத்தம்சாலை:

அது பாமினி எழுத்துரு. கைக்குக் கிடைத்தது புதையல், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாமினியில் திரைக்குத்தான் தமிழ். கோப்புக்குள் இருப்பதெல்லாம் ஆங்கில விசை எழுத்துகள். 'அம்மா' என்று தட்டினால் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகியிருக்கும். புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதன் உண்மை வெளிப்பட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

என்எச்எம் மாற்றி போன்ற இலவச மென்பொருள் இதை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கும். மாற்றிய பிறகு கொம்பு வரும் இடங்களைக் கண்ணால் பாருங்கள். பழைய எழுத்துருவில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே எழுத்துக்கு முன்னால் பதிவாகியிருக்கும். யூனிகோடில் மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் வர வேண்டும். மாற்றி இதைச் சரி செய்துவிடும், ஆனால் வரி முறிகிற இடத்தில் சில நேரம் சறுக்கும். ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்தால் அவற்றையும் தமிழாக்கிக் குளறுபடி செய்யும். மேற்கோள் நூல் பட்டியலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மாற்றுவது நல்லது.

வேர்டு கோப்பு இல்லாதவற்றை ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் டெசராக்ட் மென்பொருளில் எழுத்துணர வைக்க வேண்டும். தெளிவான லேசர் அச்சு என்றால் தேடலுக்குப் போதுமான அளவு வரும். தட்டச்சுப் பொறியில் அடித்த கார்பன் நகல் என்றால் படமாக மட்டும் வைத்துவிட்டு, இயல் தலைப்புகளைக் கையால் தட்டச்சு செய்யுங்கள்.

இன்னொரு யோசனை. பல்கலைக்கழகத்தைச் சுற்றி அந்தக் காலத்தில் ஆய்வேடு அடித்துக் கொடுத்த டிடிபி கடைகள் இருந்தன. சிலர் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஆய்வேட்டை எழுதியவரின் சம்மதம் இல்லாமல் கடைக்காரரிடமிருந்து வாங்கக் கூடாது.

அழகர்மலை:

1998-இல் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும் முதலில் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் இலக்கியங்களை ஏற்றிப் பிறகு யூனிகோடுக்கு மாறியதுதான். பெயர்தான் மதுரை, உழைத்த தன்னார்வலர்கள் உலகம் எங்கும் இருந்தார்கள். சங்க இலக்கியத்துக்கு அவர்கள் செய்ததை உசிலம்பட்டித் தாலாட்டுக்குச் செய்ய நம்மைவிட்டால் ஆள் இல்லை.

சிம்மக்கல்:

இந்த இழையை ஒரு தோழி அனுப்பினார். உங்கள் பீரோக்களில் ஒன்றில் என் எம்.ஃபில். ஏடும் இருக்கக்கூடும், அதனால் எழுதுகிறேன்.

எல்லோரும் எங்கள் ஏடுகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்களைக் கேட்டீர்களா? நான் எழுதியபோது 22 வயது. ஆறு மாதத்தில் அவசரமாக முடித்தது. இன்று பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். என் மாணவர்கள் என் பெயரைத் தேடினால் அந்த ஏடு முதலில் வந்து நிற்பதை நான் விரும்பவில்லை. யாராவது அப்படியே எடுத்துத் தன் ஆய்வேட்டில் போட்டுக்கொண்டால் நான் எங்கே போய்ச் சண்டை போடுவது?

அதைவிட முக்கியமான ஒன்று. என் ஏட்டின் கடைசியில் தகவலாளர் பட்டியல் இருக்கிறது. பாடல் சொன்ன பாட்டிகளின் பெயர், வயது, சாதி, ஊர், தெரு. நெறியாளர் கேட்டார், எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். அந்தப் பாட்டிகள் என்னிடம் பாடினார்கள், இணையத்தில் ஏற்றச் சொல்லவில்லை. ஒப்பாரி பாடியவர் தன் வீட்டுச் சாவைச் சொல்லி அழுத வரிகளும் அதில் இருக்கின்றன.

நாகமலை:

அம்மா, நீங்கள் கேட்பது முற்றிலும் நியாயம். சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஆய்வேட்டின் உரிமை அதை எழுதியவருக்கே, வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் தொடரும். ஒரு படி நூலக அலமாரியில் இருப்பதால் அதை உலகத்துக்கே விரித்துக் காட்டும் உரிமை நூலகத்துக்கு வந்துவிடாது. பிஎச்.டி.க்கு யுஜிசியின் 2009 விதிமுறைக்குப் பிறகு மின்படி கொடுப்பதும், மாணவர் சம்மதக் கடிதம் தருவதும் வழக்கமாகிவிட்டன. பழைய எம்.ஃபில். ஏடுகளுக்கு அப்படி ஒரு காகிதமும் கிடையாது. ஆகவே ஒவ்வொருவரிடமும் கேட்டே ஆக வேண்டும்.

கேட்டு வாங்கும்வரை தலைப்பு, எழுதியவர், நெறியாளர், ஆண்டு, இயல் தலைப்புகள் மட்டும் வெளியே தெரியட்டும். முழு ஏட்டையும் நூலகத்துக்குள் வந்து படிக்கலாம். இப்படி ஒரு ஏடு இருக்கிறது என்று தெரிந்தாலே ஆய்வாளருக்குப் பாதி வேலை முடிந்தது.

புதுநத்தம்சாலை:

தகவலாளர் பட்டியலை மட்டும் தனிக் கோப்பாகப் பிரித்துப் பூட்டி வைக்க முடியும். டிஸ்பேஸில் ஒரே பதிவுக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி அனுமதி கொடுக்கலாம். ஷோத்கங்காவில் ஆய்வேட்டை இயல் இயலாகப் பிரித்து ஏற்றுகிறோமே, அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

திருட்டு பற்றி சிம்மக்கல் மேடம் கேட்டதற்கு ஒன்று சொல்ல வேண்டும். அலமாரியில் கிடக்கும் ஏட்டிலிருந்துதான் இன்று துணிந்து எடுக்கிறார்கள், ஏனென்றால் எந்த மென்பொருளுக்கும் அது தெரியாது. ஸ்கேன் செய்த வெறும் படமும் தெரியாது, பாமினிக் கோப்பும் தெரியாது. ஒற்றுமை சோதிக்கும் மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால் யூனிகோடு உரையாக அதன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வெளியே வைத்தால்தான் எடுத்தவர் மாட்டுவார்.

சிம்மக்கல்:

அது எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் ஒப்பாரிப் பகுதி பூட்டியே இருக்க வேண்டும்.

வைகைவடகரை:

நான் மறுபடி கட்டுரைக்கே வருகிறேன். எங்களைப் போன்ற அறிவியல் துறையினர் ஏன் தருவதில்லை என்று யாராவது யோசித்தீர்களா? நூலகத்திலிருந்து சுற்றறிக்கை வரும்: 'ஆசிரியர்கள் தங்கள் வெளியீடுகளைக் களஞ்சியத்தில் பதிவேற்றுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' பதிவேற்றப் போனால் ஏழெட்டுத் திரை, இருபது கட்டம். பதிப்பக உரிமை பற்றி ஒரு கேள்வி, எனக்கே பதில் தெரியாது. ஏற்கெனவே உள்தர மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒரு படிவம், பதவி உயர்வுக்கு ஒரு படிவம், பல்கலைக்கழகத்துக்கு ஒரு படிவம், எல்லாவற்றிலும் இதே பட்டியல். நாலாவது முறை நான் ஏன் தட்ட வேண்டும்?

திருநகர்:

சார் சொல்வதில்தான் விடையும் இருக்கிறது. ஆண்டுதோறும் தர அறிக்கைக்காக உள்தரக் குழு எல்லாத் துறைகளிலும் வெளியீட்டுப் பட்டியல் வாங்குகிறது. எங்கள் கல்லூரியில் அந்தப் படிவத்திலேயே ஒரு கட்டம் சேர்த்தோம்: 'ஏற்கப்பட்ட இறுதிக் கையெழுத்துப் படியை இணைக்கவும்.' ஆசிரியர் அதை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். பதிவேற்றுவது, பதிப்பகம் எதை அனுமதிக்கிறது என்று ஓபன் பாலிசி ஃபைண்டர் (முன்பு ஷெர்ப்பா ரோமியோ) தளத்தில் சரிபார்ப்பது, தடைக்காலம் இருந்தால் தேதி போடுவது எல்லாம் நூலகத்தின் வேலை.

பதிப்பகம் வடிவமைத்த பிடிஎஃப்பை அனுப்பாதீர்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல பதிப்பகங்கள் ஏற்கப்பட்ட கையெழுத்துப் படியைக் குறிப்பிட்ட மாதங்களுக்குப் பிறகு வைக்க அனுமதிக்கின்றன. வடிவமைத்த படியை அனுமதிப்பது குறைவு. ஆசிரியர்களோ கையெழுத்துப் படியைக் கட்டுரை வெளியான அன்றே அழித்துவிடுகிறார்கள்.

நாகமலை:

இதையும் தாண்டிப் போக வேண்டும். பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழகம் என்ன செய்தது? களஞ்சியத்தில் இருக்கும் வெளியீடுகள் மட்டுமே பதவி உயர்வில் கணக்கில் வரும் என்று விதி போட்டது. கெஞ்ச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனம் 2005-இல் 'விருப்பம் இருந்தால் தாருங்கள்' என்று கேட்டது, தந்தவர்கள் மிகச் சொற்பம். 2008-இல் கட்டாயமாக்கிய பிறகுதான் கட்டுரைகள் வந்து குவிந்தன. நம் நாட்டிலும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தங்கள் பணத்தில் நடந்த ஆய்வின் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று 2014 டிசம்பரிலேயே கொள்கை வெளியிட்டன. இயற்பியல் ஐயா, உங்கள் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

வைகைவடகரை:

நீங்கள் கேட்ட இடத்திலிருந்துதான் வந்தது. கேட்டது தப்பு இல்லை. ஆனால் பதவி உயர்வோடு முடிச்சுப் போடுவதை எங்கள் ஆசிரியர் சங்கம் ஏற்காது. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தெற்குமாசி:

ஆசிரியர் பெயர் விஷயத்தில் ஒரு சந்தேகம். மீட்ட பிடிஎஃப்களை அட்டவணைப்படுத்தத் தொடங்கியதும் தலை சுற்றுகிறது. முருகன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கு. முருகன், முருகன் கு., ஆங்கிலக் கட்டுரையில் முதலெழுத்து விரிந்து குமாரசாமி முருகன், இன்னொன்றில் முருகன் குமாரசாமி. ஒரே ஆள்தான், களஞ்சியத்தில் நாலு பேராகத் தெரிகிறார். பெண் ஆசிரியர்கள் சிலர் திருமணத்துக்கு முன்பு தந்தையின் முதலெழுத்து, பின்பு கணவரின் முதலெழுத்து.

திருநகர்:

கல்லூரிக்குள் ஒருவருக்கு ஒரே வடிவம் என்று பட்டியல் போட்டு, எல்லாப் பதிவிலும் அந்த வடிவத்தையே ஆசிரியர் கட்டத்தில் இடுங்கள். ஏட்டின் முகப்பில் உள்ள வடிவத்தைக் குறிப்புப் பகுதியில் வைத்துக்கொள்ளலாம். பணியில் இருப்பவர்களுக்கு ஆர்க்கிட் எண் (ஆய்வாளருக்கான உலகளாவிய அடையாள எண்) வாங்கிச் சேர்த்துவிடுங்கள், அது இலவசம்தான். முதலெழுத்து மாறினாலும் எண் மாறாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வடிவத்தையும் போடுங்கள், இல்லையென்றால் தமிழில் தேடுகிறவருக்கு ஒன்றுமே கிடைக்காது. இது மென்பொருள் செய்கிற வேலை இல்லை, பழைய அட்டைப்பட்டியல் காலத்து வேலைதான்.

தெற்குமாசி:

முதல்வரிடம் பேசிவிட்டேன். எம்.ஃபில். ஏடுகளிலிருந்து தொடங்க ஒப்புக்கொண்டார். முகவரியும் சர்வரும் கல்லூரி முதல்வர் என்ற பதவியின் பெயரில் இருக்கும். பராமரிப்பை நூலகர் என்ற பதவிக்கு உரிய பணியாக ஆணையில் எழுதச் சொல்லியிருக்கிறேன், என் பெயரில் அல்ல. வாராவாரம் தரவுத்தளமும் கோப்புகளும் சேர்ந்த நகல் ஒன்று கல்லூரியிலும் ஒன்று வெளியிலும் இருக்கும். பதவி உயர்வு விஷயத்தை எடுக்கவே இல்லை, அது இப்போதைக்கு வேண்டாம்.

முன்னாள் மாணவர்களுக்கு அனுப்பச் சம்மதப் படிவம் எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

'... ஆண்டில் நான் அளித்த எம்.ஃபில். ஆய்வேட்டின் அனைத்து உரிமைகளையும் கல்லூரிக்கு அளிக்கிறேன். கல்லூரி அதனை மின்வடிவில் பாதுகாக்கவும் இணையத்தில் வெளியிடவும் சம்மதிக்கிறேன். பின்வரும் பகுதிகள் வெளியிடப்படக் கூடாது: ...'

சிம்மக்கல்:

கடைசி வரிக்கு நன்றி. ஏடு முழுவதையும் பிற்பாடு திரும்பப் பெற விரும்பினால் யாரிடம் எழுத வேண்டும் என்றும் அதில் இருக்கட்டும்.

நாகமலை:

முதல் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள் அம்மா. அனைத்து உரிமைகளையும் வாங்க வேண்டிய தேவை கல்லூரிக்கு இல்லை. அதைப் படிக்கிறவர் கையெழுத்துப் போடவும் மாட்டார். 'உரிமை என்னிடமே இருக்கும். பாதுகாக்கவும் வெளியிடவும் கல்லூரிக்குத் தனியுரிமை அல்லாத அனுமதி மட்டும் அளிக்கிறேன்' என்று எழுதுங்கள். அவர் நாளை அதையே நூலாகப் போட்டுக்கொள்ளத் தடை இருக்கக் கூடாது. திரும்பப் பெறும் விண்ணப்பம் நூலகருக்கு என்று பதவியைக் குறிப்பிட்டு, எத்தனை நாளில் நடவடிக்கை என்பதையும் எழுதுங்கள். திருத்திய படிவத்தை இங்கேயே போட்டால் மற்ற கல்லூரிகளும் எடுத்துக்கொள்ளும்.